இரட்டை வாரங்களில் பெல்ட் ஏன் சுடுகிறது

கலியாணம் பேசிய முதல் நாளே அம்மா சொன்ன பொய்யை நான் போட்டு உடைத்தேன். என் அம்மா தங்கேஸ்வரி மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்திருந்த விபரம் இதுதான்: பெண் பெயர் ஆரணி, வயது முப்பத்தேழு, பாரிஸில் ஒரு வாகன நிறுவனத்தில் முகாமையாளர். உண்மையில் நான் பாரிஸின் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ லூயி-பிளாங்குக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு ஸ்கூட்டர் உதிரிப்பாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். சாப்பாட்டுப் பெட்டி சுமந்து ஓடுகிறவர்களின் ஸ்கூட்டர்களுக்கு பெல்ட், கிளச், பிரேக் கட்டை எடுத்துக் கொடுப்பது என் வேலை. தேவைப்பட்டால் கழற்றிப் பூட்டியும் கொடுப்பேன். நகத்துக்குள் எப்போதும் கிரீஸ் இருக்கும். முதலில் வந்த ஒரு சம்பந்தம் அந்த நகத்தைப் பார்த்துத்தான் எழும்பிப் போனது.

அதனால் நோர்வேயிலிருந்து கரிகாலன் முதல் தடவை தொலைபேசி எடுத்தபோது, சுகம் விசாரித்த கையோடு சொல்லிவிட்டேன்.

"அம்மா சொன்னதை நம்பாதேங்கோ. நான் முகாமையாளரும் இல்லை, ஒண்டும் இல்லை. ஸ்கூட்டர் கடையிலை சாமான் விக்கிறன்."

சரி, இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

"அப்ப உங்களுக்குக் கிளச் தெரியுமோ?" என்று கேட்டார்.

பெண் பார்க்கப் பேசுகிற ஆண்கள் என்னிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். சமைப்பீங்களோ, கோயிலுக்குப் போவீங்களோ, அம்மாவைக் கூடவே வைத்திருப்பீங்களோ. கிளச் தெரியுமா என்று கேட்ட முதல் ஆள் இவர்தான்.

அவரைப் பற்றிய விபரமும் ஒரு தாளில் வந்திருந்தது. அவருடைய அக்கா பூரணி எழுதியது. கரிகாலன், வயது நாற்பத்தொன்று, நோர்வே பிரஜை, மீன் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு, சட்டப்படி விவாகரத்துப் பெற்றவர், பொறுப்புகள் அற்றவர். எங்கள் கலியாண விளம்பரங்களில் பொறுப்புகள் அற்றவர் என்றால் பிள்ளை இல்லை என்று அர்த்தம். அம்மா அந்த இரண்டு சொல்லையும் எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். விவாகரத்தை விழுங்குவதற்கு அந்த இரண்டு சொல்தான் அவருக்குத் தண்ணீர்.

நோர்வேயின் வடக்கு நுனியில், கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் கரிகாலன் இருந்தார். அங்கே பனியில் ஓடுகிற வண்டியை ஸ்னோ ஸ்கூட்டர் என்கிறார்கள். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் டாங்கிக்கு இருப்பது போல ரப்பர் பட்டி. அவருடையது டர்போ பூட்டிய வண்டி. யாரோ பந்தயக்காரனிடம் இருந்து வாங்கியது.

"எல்லாரும் கிளச்சை மாத்து, மாத்து எண்டு சொல்லுகினம். எதை மாத்திறது எண்டுதான் ஒருத்தரும் ஒரே மாதிரிச் சொல்லுகினம் இல்லை," என்றார்.

"மூடியைக் கழட்டிப் படம் அனுப்புங்கோ."

படம் வந்தது. நான் பனியையே ஒழுங்காகப் பார்த்ததில்லை. நானும் அம்மாவும் இருக்கிற சார்செல்லில் விழுகிற பனி மத்தியானத்துக்குள் சேறாகிவிடும். ஆனால் மூடிக்குள் இருந்தது என் பழைய சிநேகிதம். நான் தினமும் கழற்றுகிற ஸ்கூட்டரின் அதே அமைப்பு, நாலு மடங்கு பெரிதாக. முன்னால் ஒரு கிளச், பின்னால் ஒரு கிளச், நடுவே ஒரு பெல்ட். எஞ்சின் சுற்றச் சுற்ற முன் கிளச்சுக்குள் இருக்கும் எடைத்துண்டுகள் வெளியே வீசப்பட்டு, தட்டுகளை நெருக்கி, பெல்ட்டைப் பிடிக்க வைக்கும். ஒரு ஸ்பிரிங் அதை வேண்டாம் வேண்டாம் என்று தடுத்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டு பேருக்கும் நடக்கிற இழுபறிதான் வண்டியின் குணம். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் எஞ்சின் நன்றாகக் கத்தின பிறகுதான் பெல்ட் பிடிக்கும். பிடிக்கும்போது வண்டி துள்ளிப் பாயும்.

"உங்களுக்கு அந்தப் பந்தயக்காரன் போட்ட ஸ்பிரிங்தான் இருக்கு. புறப்படேக்கை உலுப்புமே?" என்று கேட்டேன்.

"ஐயோ, உலுப்புமோ எண்டோ கேக்கிறியள்! கழுத்தே போயிடும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஒரு மணிக்கு, என் சாப்பாட்டு நேரத்தில், கதைத்தோம். நான் கடையின் பின்னறையில், டயர்களுக்கு நடுவே, அம்மா கட்டித்தந்த புட்டுப் பெட்டியோடு. அவர் அங்கே தொழிற்சாலை வாசலில், லீவு நாளென்றால் வீட்டு வாசலில். மத்தியானம் ஒரு மணிக்கும் அவருக்குப் பின்னால் வானம் இருட்டாகவே இருக்கும்; அந்த ஊரில் மார்கழி முழுக்கச் சூரியன் எழும்பாதாம். இருட்டுக்குள் ஒரு மஞ்சள் விளக்கும், தொப்பி போட்ட ஒரு முகமும், அந்த முகத்தில் நிறையக் கேள்வியும்.

தெரிவு மூன்று இருந்தது. ஒன்று, டர்போக்காரர் எல்லோரும் புகழுகிற முழுத் தொகுதி: கனத்த எடைத்துண்டு, விறைத்த ஸ்பிரிங், பாய்ந்து போகும். இரண்டாவது, எடைத்துண்டை மட்டும் கூட்டுவது. டர்போ கொடுக்கிற மேலதிக பலத்துக்கு எடை போதாவிட்டால் எஞ்சின் எல்லை மீறிச் சுற்றிக் கெட்டுப்போகும், அதனால் எடையைக் கூட்டத்தான் வேண்டும். மூன்றாவது கொஞ்சம் தலையிடி பிடித்தது: தொடக்கத்தில் இளகி முடிவில் விறைக்கிற ஸ்பிரிங், அதற்கேற்ற எடை, கூடவே பின் கிளச்சுக்குள் சரிவாக வெட்டிய வளையத்தையும் சரிவு குறைந்ததாக மாற்றுவது. பாரம் இழுக்கிற வண்டிகளுக்குத்தான் அந்த வேலை செய்வார்கள்.

முதலாவதை எடுங்கோ என்று நான் சொன்னேன். டர்போ வைத்திருக்கிற ஆம்பிளைக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அவர் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்.

"வேகம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை. புறப்படேக்கை மெதுவா, தெரியாமல் புறப்பட வேணும். அதுக்கு எது?"

"டர்போவை வாங்கிப்போட்டு மாட்டுவண்டி மாதிரி ஓட வேணும் எண்டுறியளே!"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் விழுந்துபோனேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முப்பத்தேழு வயதில் ஒரு பொம்பிளை, ஸ்பிரிங்கின் விறைப்பைப் பற்றிக் கதைக்கக் கண்ணாடி பார்த்துத் தலை சீவிக்கொண்டு போய் டயருக்கு நடுவே உட்கார்ந்தால் அதற்கு வேறு பெயர் இல்லை. அவர் நான் சொல்வதைக் குறிப்பெடுத்தார். தெரியாததைத் தெரியாது என்றார். எனக்கு அந்த மனுசனைப் பிடித்துவிட்டது.

பெப்ரவரிக் கடைசியில், வருடத்தின் ஒன்பதாவது வாரம் வெள்ளிக்கிழமை, அவரும் பூரணி அக்காவும் பாரிஸுக்கு வந்து என்னைப் பார்ப்பதாக ஏற்பாடு. அம்மா பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாள். அன்றைக்கு நான் ஓம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். எனக்குள் ஓம் எப்போதோ பழுத்துவிட்டது.

ஜனவரி நடுவில் நான் அவரிடம் ஓட்டக் குறிப்பு கேட்டேன். ஊகத்தில் சாமான் எடுத்துக் கொடுப்பது என் வழக்கமில்லை. ஒவ்வொரு முறை ஓடின பிறகும் எஞ்சின் அதிகபட்சம் எத்தனை சுற்று ஏறியது, நிறுத்தினதும் பெல்ட் எவ்வளவு சூடு, இந்த இரண்டையும் எழுதி அனுப்பச் சொன்னேன். மனுசன் கார்த்திகையிலிருந்தே கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அந்த நாட்டில் எதையும் திகதியில் சொல்லமாட்டார்கள், வார இலக்கத்தில்தான் சொல்வார்கள். கொப்பியும் அப்படியே இருந்தது.

வாரம் நாற்பத்தொன்பது: எட்டாயிரத்து நூறு சுற்று, பெல்ட் அறுபது பாகை. வாரம் ஐம்பது: ஐயாயிரத்தைத் தாண்டவில்லை, பெல்ட் தொண்ணூற்றைந்து. வாரம் ஐம்பத்தொன்று: எட்டாயிரம், அறுபத்திரண்டு. ஐம்பத்திரண்டு: நாலாயிரத்து எண்ணூறு, தொண்ணூற்றேழு. பிறகு புதுவருடத்து முதல் வாரம் பறந்திருந்தார். இரண்டாம் வாரம் மறுபடியும் ஊர்ந்திருந்தார், பெல்ட்டோ கொதித்திருந்தது.

ஒரு வாரம் பந்தயம், அடுத்த வாரம் தேர்த் திருவிழா. ஒரே ஆள், ஒரே வண்டி, ஒரே பனி. மெதுவாக ஓடியும் பெல்ட் சுடுகிறது என்றால் பின்னால் பாரம் இழுபடுகிறது என்று அர்த்தம். ஆனால் என்ன பாரம் அது, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வருகிற பாரம்? மீன் என்றால் ஒவ்வொரு நாளும் வரும். விறகு என்றால் தேவைக்கு வரும்.

கொப்பியின் படத்தைக் கவுண்டரில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நேரே சுவரில் எங்கள் வேலை நேர அட்டவணை தொங்கியது. என்னோடு வேலை செய்கிற ஜெசிகா வந்து அதில் அடுத்த மாதத்துக்குப் பச்சைப் பேனாவால் கோடு போட்டாள்.

"அக்கா, பேர் வாரங்களிலை நான் நாலரைக்குப் போயிடுவன், சரியோ? மகன் என்னட்டை நிக்கிற வாரம்."

பேர் என்றால் பிரெஞ்சில் இரட்டை எண். ஜெசிகாவும் புருசனும் பிரிந்து இரண்டு வருடம். பிள்ளை இரட்டை வாரம் தாயிடம், ஒற்றை வாரம் தகப்பனிடம். இந்த ஊரில் பிரிந்த பாதிப்பேருக்கு வாழ்க்கையே இரட்டை வாரம், ஒற்றை வாரம்தான்.

நான் அட்டவணையைப் பார்த்தேன். கொப்பியைப் பார்த்தேன். ஐம்பது, ஐம்பத்திரண்டு, இரண்டு.

மெதுவாகப் புறப்பட வேண்டும். தெரியாமல் புறப்பட வேண்டும். கழுத்தே போயிடும். யாருடைய கழுத்து?

ஒரு மணிக்கு அவர் எடுத்தார். நான் புட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"கரிகாலன், இரட்டை வாரங்களிலை உங்களுக்குப் பின்னாலை ஆர் வாறது?"

அவருக்கு விளங்கவில்லை என்று நடிக்கவாவது செய்திருக்கலாம். செய்யவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ரை மகள். பேர்ளி. ஏழு வயசு," என்றார். "பின்னாலை ஒரு இழுவைப் பெட்டி கட்டி, மான்தோல் விரிச்சு, அதுக்குள்ளை இருத்திக்கொண்டு போறனான். அக்கா அந்தத் தாளை எழுதேக்கை பிள்ளை இருக்கெண்டால் ஒருத்தரும் திரும்பியும் பாக்கமாட்டினம், பிறகு ஆறுதலாச் சொல்லலாம் எண்டு சொன்னவ. பிறகு, பிறகு எண்டு நான்தான் இழுத்துப்போட்டன்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைச்சிருக்கிறியள்."

"ஓம்."

"நான் முதல் நிமிசத்திலேயே என்ரை அம்மாவின்ரை பொய்யைச் சொன்னனான். அப்பவாவது உங்களுக்கு வாய் வந்திருக்க வேண்டாமோ?"

"வந்திருக்க வேணும்." பிறகு, கேட்காமலே, இன்னொன்றையும் சொன்னார். "நீங்கள் கதைக்கேக்கை அவள் சிலநாள் பக்கத்திலைதான் இருந்தவள். பள்ளிக்கூடம் இல்லாத நாளுகளிலை, நான் வீட்டிலை நிண்டு கதைக்கேக்கை. அப்பா கதைக்கேக்கை சத்தம் போடக் கூடாதெண்டு சொல்லி வைச்சிருந்தனான்."

எனக்குச் சொன்ன பொய்யைக் கூட விழுங்கியிருப்பேன். கலியாணச் சந்தையில் எங்கள் வீட்டுத் தட்டிலும் பொய் இருந்தது. ஆனால் ஒரு ஏழு வயதுப் பிள்ளை, படத்துக்கு வெளியே ஒரு கதிரையில், வாயை மூடிக்கொண்டு, நான் ஸ்பிரிங்கைப் பற்றிப் பகிடி விடுவதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். தகப்பன் சிரிப்பதையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"ஒரு குழந்தைப் பிள்ளையின்ரை வாயைப் பொத்தி வைச்சுக்கொண்டோ என்னோடை கலியாணம் பேசினீங்கள்?" என்று கத்திவிட்டேன். கடைக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். தொலைபேசியை வைத்தேன். அதன்பிறகு அவர் எடுத்ததற்கு நான் எடுக்கவில்லை.

ஒரு கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். பிரேக் கட்டை கேட்டவனுக்கு பெல்ட்டைக் கொடுத்தேன். RER D ரயிலில் கார் து நோர் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும்போது ஜன்னலில் என் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை. அம்மா என்ன என்று கேட்டால் தலையிடி என்றேன். முடிந்தது, ஒன்பதாம் வாரம் வந்தால் இல்லை என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கே நான் சத்தியம் செய்துகொண்டேன்.

சத்தியம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அவர் இரண்டு மாதமாக அனுப்பிய செய்திகளை அழிப்பதற்காகத் திறந்தவள், முதலிலிருந்து வாசித்துக்கொண்டு போனேன். ஆகக் குறைந்த சுற்றில் பெல்ட் பிடிக்க என்ன செய்யலாம்? ஏற்றத்தில் நின்று திரும்பப் புறப்பட்டால் உலுப்பாமல் எடுக்குமோ? மெதுவாக ஓடும்போது பெல்ட் அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடுமோ, வீட்டிலிருந்து எத்தனை கிலோமீற்றர் வரை போகலாம்? எல்லாம் அந்தப் பிள்ளைக்காகக் கேட்ட கேள்வி. வாயால் மகளை மறைத்த மனுசன், ஒவ்வொரு கேள்வியிலும் அவளைத்தான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். கிளச் தெரியும் என்று மார்தட்டின எனக்குத்தான் அது விளங்கவில்லை.

அழுகை வந்தது. அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். என் கோபம் தீரும்போது தீரட்டும். அது வரைக்கும் அந்தப் பிள்ளையின் கழுத்து ஒவ்வொரு இரட்டை வாரமும் உலுப்புண்ண வேண்டுமா? அவருக்கு இல்லை என்று சொல்வது வேறு விஷயம். பிழையான ஸ்பிரிங்கோடு ஒரு வண்டியை ஓடவிடுவது வேறு விஷயம். இரண்டாவதை நான் செய்யமாட்டேன்.

அடுத்த நாள் காலை சவுவா மலைப் பக்கத்தில் பனி வண்டிச் சாமான் விற்கிற ஒரு கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். மூன்றாவது தெரிவு. டர்போ வண்டிக்கு இந்த இளகிய ஸ்பிரிங்கா என்று அந்தப் பிரெஞ்சுக்காரன் இரண்டு தரம் கேட்டான். ஆட்கள் வழக்கமாக மறுபக்கம்தான் கேட்பார்களாம். தொடக்கம் இளகல், முடிவு விறைப்பு, ஆம், தெரிந்துதான் கேட்கிறேன் என்றேன். சரிவு குறைந்த வளையம் ஒன்று, எடைத்துண்டு ஒரு தொகுதி.

சாமான் கடைக்கு வந்ததும் எடைத்துண்டுகளை எங்கள் சின்னத் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்று துண்டும் ஒரே எடை இருக்க வேண்டும், ஒன்று கூடிக் குறைந்தாலும் கிளச் நடுங்கும். ஒன்று அரைக் கிராம் கூடியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு அதை அரத்தால் தேய்த்து, தராசில் வைத்து, மறுபடி தேய்த்து, மூன்றும் ஒரே இலக்கம் காட்டும் வரைக்கும் விடவில்லை. ஒரு தாளில் எழுதினேன்: "முதலிலை முன் கிளச். ஸ்பிரிங்கை மாத்தேக்கை மூடியைக் கவனமாப் பிடியுங்கோ, பாயும். பெல்ட்டைச் சவர்க்காரத் தண்ணியிலை கழுவிப்போட்டுப் பூட்டுங்கோ. பிள்ளையை ஏத்த முதல் வெறும் பெட்டியோடை பத்துத்தரம் ஓடிப் பாருங்கோ." சுகம் விசாரிக்கவில்லை, பெயரும் போடவில்லை. பொதி கட்டி, லூயி-பிளாங் தபால் கந்தோரில் போட்டுவிட்டு வந்தேன்.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"பொறுப்புகள் அற்றவர் எண்டெல்லோ எழுதினவ!"

"நீங்கள் முகாமையாளர் எண்டு எழுதேல்லையோ?"

"எடியே, ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் எண்டு சும்மாவோ சொன்னவை? அது பொய், இது பிள்ளை!" என்று என்மேல் பாய்ந்தார். சாதி சனம் என்ன சொல்லும், மாற்றாந்தாய் என்றல்லவா பெயர் வரும், எல்லாம் சொல்லித் தீர்த்தார். பாதிக் கத்தரிக்காய் வெட்டி முடிந்த பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"பள்ளிக்கூடத்தாலை வந்தால் அதுக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது?"

"தெரியாது அம்மா. கேக்கேல்லை."

"கேட்டிருக்கலாமே," என்றார்.

பொதி போட்டு எட்டு நாள் கழித்து, சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, கரிகாலன் எடுத்தார். ஆறாம் வாரம். அது இரட்டை வாரம் என்று எனக்கு விரல் விட்டு எண்ணாமலே தெரிந்தது. கை தானாகப் பச்சையை அழுத்தியது.

இம்முறை படத்தில் இருட்டு இல்லை. வெண்பனி, அதன்மேல் மெல்லிய வெயில். சூரியன் திரும்பி வந்திருந்தது. அவர் முகத்தில் ஒரு கிழமைத் தாடி.

"பூட்டிப்போட்டன்," என்றார். "வெறும் பெட்டியோடை பத்துத்தரம் இல்லை, இருபதுதரம் ஓடினனான். நீங்கள் சத்தத்தைக் கேட்டால்தான் சரியோ பிழையோ சொல்லுவியள். கேக்கிறியளோ?"

"கேக்கிறன்."

தொலைபேசியை வண்டியின் முன் கண்ணாடியில் பின்பக்கம் பார்க்க மாட்டினார். அவருடைய தோளுக்கு மேலால் ஒரு நீளப் பெட்டி தெரிந்தது. அதற்குள் மான்தோல், தலைக்கவசம், சிவப்பு உடுப்பு. உடுப்புக்குள் ஒரு சின்ன உருவம் அசையாமல், கையைக் கட்டிக்கொண்டு, தொலைபேசியையே பார்த்துக்கொண்டு இருந்தது. பழக்கிய பிள்ளை. அப்பா கதைக்கேக்கை சத்தம் போடக் கூடாது.

எஞ்சின் முனகியது. சுற்று ஏறியது. பழைய ஸ்பிரிங்கோடு என்றால் வண்டி நாலாயிரத்தைந்நூறில் கத்திப் பாயும். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். மூவாயிரத்து முந்நூறு இருக்கும், சத்தம் கொஞ்சம் தடித்தது. அவ்வளவுதான். பின்னால் இருந்த பனிமேடு நகரத் தொடங்கியது. பிள்ளையின் தலை பின்னால் போகவில்லை. முன்னால் வரவில்லை. நேரே இருந்தது. தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் வேலிக் கம்பு ஒன்று கடந்து போனதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

கைக்கட்டு அவிழ்ந்தது. இரண்டு கையும் மேலே போயிற்று.

"அப்பா! போகுது! போகுது அப்பா!" என்று ஒரு குரல் வந்தது. அப்படி ஒரு குரல். பின்னறையில் டயரெல்லாம் அதிர்ந்தது. தமிழும் நோர்வே மொழியும் கலந்து, இன்னொருக்கா, இன்னொருக்கா என்று கத்தினாள்.

கரிகாலன் பதறிப்போய் வண்டியை நிறுத்தித் திரும்பினார். பழக்க தோஷத்தில் விரலை வாயில் வைத்து, "உஷ், பேர்ளி, அன்ரி லைனிலை..." என்றார்.

"விரலை எடுங்கோ!" என்று நான் கத்தினேன். "அவளைக் கத்த விடுங்கோ. இனி என்ரை காதுக்கு முன்னாலை அந்தப் பிள்ளையை நீங்கள் பேசாமல் இருக்கச் சொல்லக் கூடாது. விளங்குதோ?"

விரலை எடுத்தார். அந்த மனுசனின் வாய் கோணிக்கொண்டு போனது, கண் நிறைந்தது, குளிர் என்று சொல்லி மறைக்கவும் பார்த்தார்.

"ஒன்பதாம் வாரம் வரவேண்டாம்," என்றேன்.

அவர் தலையைக் குனிந்தார். "ஓம். எனக்கு விளங்குது."

"உங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஒன்பது ஒற்றை வாரம். அவள் தாயோடை நிப்பாள். பத்தாம் வாரம் வாங்கோ, அவளையும் கூட்டிக்கொண்டு."

"பத்தாம் வாரம் தேய்பிறை எல்லோ? அம்மா ஒண்டும் சொல்லமாட்டாவோ?"

"சொல்லுவா. கிழமை முழுக்கச் சொல்லுவா. அது என்ரை பாடு."

பின்னால் பெட்டிக்குள் இருந்து பேர்ளி எழும்பி நின்று, தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கி, தொலைபேசியை உற்றுப் பார்த்தாள். முன்பல் ஒன்று இல்லை. என்னைத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு நகத்தை ஒளிக்க வேண்டும் போல இருந்தது, பிறகு ஒளிக்கவில்லை.

"அன்ரி," என்றாள், "நான் இப்ப கதைக்கலாமோ?"

"கதையுங்கோ குஞ்சு," என்றேன். "எவ்வளவு வேணுமெண்டாலும் கதையுங்கோ."

அவள் தொடங்கினாள். ஜெசிகா வந்து இரண்டு தரம் கதவைத் தட்டினாள், முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்றாள். நிற்கட்டும் என்றேன்.